முன் லயம் தடுத்த காற்று

(தோட்டப்புற வரலாறு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டப்புற வரலாறு என்று சொன்னதும் கப்பல், கங்காணி, பெரட்டு, கள்ளுக்கடை என்றுதான் நம் பேச்சு போகும். எனக்கு முன் பேசியவர்கள் அவற்றையெல்லாம் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் கட்டடக் கணக்குப் போட்டுப் பிழைத்தவன். அதனால் நம் லயத்து வீட்டின் தகரக் கூரையிலிருந்து தொடங்குகிறேன். கூரைக்கும் ஒரு வரலாறு உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு.

நான் பிறந்து வளர்ந்தது நெகிரி செம்பிலானில் ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் இடைப்பட்ட ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே நான்கு வரிசை லயம் இருந்தது. மேற்குப் பக்கம் முதலில் நிற்பது முன் லயம், கடைசியில் நிற்பது பின் லயம். எங்கள் வீடு பின் லயத்தில். மே மாதம் பிறந்துவிட்டால் சில நாள் விடியற்காலையில், ஆட்கள் பெரட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, மேற்கே வானம் கறுத்து ஒரு காற்று வரும். பெரியவர்கள் அதைச் சுமத்ராக் காற்று என்பார்கள். வானிலைத் துறையும் அதே பெயரைத்தான் சொல்கிறது. மலாக்கா நீரிணைக்கு மேலும் சுமத்ரா கரையோரமும் இரவில் உருவாகும் இடி மேகங்கள் ஒரே வரிசையாகச் சேர்ந்து மேற்குக் கரையைத் தாக்கும். தென்மேற்குப் பருவக் காற்றுக் காலம் முழுவதும் இது வரும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விடும்.

அந்தக் காற்றில் முன் லயத்தில் அடுப்பு அணையும். ஈரத் துணி கொடியோடு பறக்கும். கூரைத் தகரம் தடதடவென்று அடிக்கும். எங்கள் பின் லயத்திலோ மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். முன் லயத்துக்காரர்கள் மட்டும் கூரைமேல் பழைய டயரை அறுத்துப் போட்டிருப்பார்கள், கல் ஏற்றியிருப்பார்கள். எங்கள் பக்கம் யாரும் அதைச் செய்ததில்லை. தேவைப்படவில்லை. முன் லயத்துப் பெண்களுக்கு வாய் அதிகம், காற்றோடு கத்திக் கத்திப் பழகியவர்கள் என்று என் பாட்டி சொல்வார்.

1970களின் நடுவில் தோட்டத்தில் புது வீடுகள் கட்டினார்கள். முன் இரண்டு லயங்களில் இருந்த குடும்பங்களை முதலில் அங்கே மாற்றினார்கள். காலியான லயங்களை உடனே இடித்துப் பலகையையும் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே நேரத்தில் மேற்குப் பக்கக் காட்டில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவு நடந்தது. நாங்கள் எங்கள் முறைக்காகப் பின் லயத்தில் காத்திருந்தோம். அடுத்த சுமத்ராவில் எங்கள் வரிசையின் முனை வீட்டில் தொடங்கி நான்கு வீட்டுத் தகரம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிய்ந்து போனது. உயிர்ச் சேதம் இல்லை. ஒரு பையனுக்குக் காலில் தகரம் கிழித்தது. தோட்ட ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

‘இந்த வருசம் காத்து ரொம்பப் பலம், மாமா’ என்று என் அப்பா பக்கத்து வீட்டு மண்டோரிடம் சொன்னார். சிலர் முனியாண்டிக்குப் பூசை குறைந்துவிட்டது என்றார்கள். விசாரிக்க வந்த கிராணி ஆணி துருப்பிடித்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார். ஆணி துருப்பிடித்தது உண்மைதான். ஆனால் அதே துருப்பிடித்த ஆணி போன வருடம் தாங்கியதே, அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பதில் தெரிய எனக்குப் பத்து வருடம் ஆனது.

மூன்று கோபுரங்கள்

பொறியியல் படிக்கும்போது ஒரு நாள் விரிவுரையாளர் ஒரு படத்தைக் காட்டினார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஃபெரிபிரிட்ஜ் என்ற ஊர். அங்கே ஒரு மின்நிலையத்துக்கு எட்டு குளிர்விப்புக் கோபுரங்கள். இடுப்பு ஒடுங்கிய பானை போன்ற சிமெண்டுக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் 375 அடி உயரம். நம் கணக்கில் 114 மீட்டர். அவ்வளவு உயரத்துக்குச் சுவரின் கனம் ஏறக்குறைய 5 அங்குலம்தான். இரண்டு வரிசையாக, வரிசைக்கு நான்காக, ஒன்றுக்கொன்று சற்று விலகி நின்றன.

1965 நவம்பர் 1ஆம் தேதி, திங்கட்கிழமை, பலத்த காற்று. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. மற்ற ஐந்தும் விரிசல் கண்டன. நல்ல வேளையாக யாரும் சாகவில்லை.

விரிவுரையாளர் கேட்டார்: ‘விழுந்தது எந்த வரிசை?’ காற்றை நேராக வாங்கிய முன் வரிசை என்றுதான் நாங்கள் எல்லாரும் சொன்னோம். இல்லை. விழுந்த மூன்றும் பின் வரிசை. முன்னால் நின்ற கோபுரங்களின் மறைவில் இருந்தவை.

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் தோட்டத்தில் முன் லயம் பின் லயத்தைக் காப்பாற்றியது. அங்கே முன் கோபுரம் பின் கோபுரத்தைக் கவிழ்த்தது. இரண்டும் ஒரே காற்று, ஒரே விதி. அப்படியானால் பக்கத்துக் கட்டடம் நல்லதா கெட்டதா? இந்தக் கேள்விக்கு உலகம் எப்படிப் பதில் தேடியது என்பதுதான் நான் சொல்ல வந்த வரலாறு.

புகைபோக்கியில் பிறந்த பாடம்

கட்டடத்தின் மேல் காற்று எவ்வளவு பாரம் போடும் என்பதைப் பொறியாளர்கள் வெகுகாலம் பெரிதாக எண்ணவில்லை. 1879 டிசம்பர் 28 இரவு ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் உடைந்து, மேலே போய்க்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்தது. அந்தப் பாலத்தின் வடிவமைப்பில் காற்றுக்கென்று தனியாகக் கணக்கே வைக்கவில்லை என்பது விசாரணையில் வெளியானது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

1890களில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இர்மிங்கர் என்ற பொறியாளர் ஒரு வேலை செய்தார். அவர் அந்த நகர எரிவாயு நிலையத்துக்குப் பொறுப்பாளர். நிலையத்தின் உயரமான புகைபோக்கி காற்றை மேலே இழுக்கும் அல்லவா? அந்த இழுப்பையே பயன்படுத்தி ஒரு பெட்டிக்குள் காற்றை ஓடவிட்டு, உள்ளே சின்ன மாதிரி வீட்டை வைத்து அளந்தார். காற்று வீட்டைத் தள்ளுகிறது என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். பின்பக்கமும் கூரையும் வெளியே உறிஞ்சப்படுகின்றன என்று அவர் அளந்து காட்டினார். அதே 1890களில் மெல்போர்னில் கெர்னாட் என்ற பேராசிரியரும் காற்றை ஊதி மாதிரிக் கட்டடங்களின் மேல் விழும் விசையை அளந்துகொண்டிருந்தார்.

நம் தகரக் கூரை பறப்பதற்கு இர்மிங்கர் சொன்னதுதான் காரணம். காற்று அடியில் புகுந்து தூக்குவது பாதி, மேலே உறிஞ்சுவது மீதி. கூரையின் ஓரத்திலும் முகட்டிலும் முனை வீட்டிலும் உறிஞ்சல் அதிகம். அதனால்தான் எங்கள் லயத்திலும் முனை வீட்டில் தொடங்கியது.

பக்கத்துக் கட்டடம் என்ற கேள்வி கொஞ்சம் பின்னால் வந்தது. 1934இல் ஹாரிஸ் என்பவர் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை வைத்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருக்களுக்கு அப்பால் இரண்டு பெரிய கட்டடங்கள் எழுந்தால், காற்று அதை முறுக்கும் விசை இரண்டு மடங்கு ஆகலாம் என்று மாதிரிச் சோதனையில் கண்டார். கட்டியவர் நிலத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் கட்டிய கட்டடத்தால் இவர் கட்டடத்துக்குப் பாரம் கூடுகிறது. 1943இல் இங்கிலாந்தில் பெய்லி, வின்சென்ட் இருவரும் அண்டைக் கட்டடங்களின் பாதிப்பைச் சேர்த்தே ஒரு கட்டுரை எழுதினார்கள்.

ஆக, 1965இல் ஃபெரிபிரிட்ஜ் விழுந்தபோது இது யாருக்கும் தெரியாத சங்கதி அல்ல. புத்தகத்தில் இருந்தது. ஆனால் அந்தக் கோபுரங்களுக்கான சோதனையில் தனியாக நிற்கும் ஒரு கோபுரத்தைத்தான் வைத்துப் பார்த்திருந்தார்கள். எட்டு சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. காற்றின் திடீர் வீச்சையும் குறைவாகவே எடுத்திருந்தார்கள். பிறகு விசாரணைக் குழு எட்டையும் மாதிரியாக வைத்துச் சோதித்தபோது விவரம் தெரிந்தது. முன் கோபுரங்களின் இடுக்கில் நுழைந்த காற்று வேகம் கூடி, சுழன்று சுழன்று பின் கோபுரங்களை அடித்திருக்கிறது. விழுந்த மூன்றையும் திரும்பக் கட்டினார்கள், மற்றவற்றைப் பலப்படுத்தினார்கள். அந்த மின்நிலையம் மூடப்பட்ட பின் 2019இலிருந்து 2022க்குள் எட்டு கோபுரங்களையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

அப்படியானால் எங்கள் முன் லயம் மட்டும் ஏன் நல்லது செய்தது? லயம் தாழ்வானது. எல்லாம் ஒரே உயரம். பக்கவாட்டில் நீளமானது, இடுக்கு இல்லை. வரிசைகள் நெருக்கமாக நின்றால் காற்று முதல் கூரையில் ஏறி, நடுவில் இறங்க நேரமில்லாமல் அடுத்த கூரையின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். வரிசைகளின் இடைவெளி அகலமானால் காற்று நடுவில் இறங்கி அடுத்த சுவரை மறுபடி அறையும். உயரமான கட்டடங்கள் விட்டுவிட்டு நின்றால் இடுக்கில் பாயும் காற்று ஆற்றுப் பாலத்தின் தூண்களுக்கு இடையே ஓடும் தண்ணீரைப் போல வேகம் எடுக்கும், பின்னால் சுழி போடும். சுழியில் மாட்டியவன் கதிதான் பின் கோபுரத்தின் கதி.

இதை நம் லயத்துக்கு மிக நெருக்கமான வீடுகளில் சோதித்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். 1974 கிறிஸ்துமஸ் அன்று டிரேசி புயல் டார்வின் நகரத்தையே வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு குவின்ஸ்லாந்தின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் ஹோம்ஸ், பெஸ்ட் இருவரும் கூட்டமாக நிற்கும் வெப்ப மண்டல வீடுகளை மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்தார்கள். 1979இல் அறிக்கை வந்தது. கால்மேல் நிற்கும் வீடு, தகரக் கூரை, வரிசையான அமைப்பு. படத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தோட்டமே நினைவுக்கு வந்தது. முன் வரிசைகள் இருந்தால் சுவர்ப் பாரம் நன்றாகக் குறைகிறது, கூரையின் முன் ஓரத்திலும் குறைகிறது, ஆனால் கூரையின் மற்ற பகுதிகளில் அவ்வளவாகக் குறைவதில்லை. எத்தனை வரிசை என்பதைவிட எவ்வளவு நெருக்கம் என்பதே முக்கியம்.

லயம் நின்ற விதம்

இப்போது நம் பக்கம் வருவோம். நெகிரி செம்பிலானில் ரப்பருக்கு முன்பு காப்பி. சுங்கை ஊஜோங் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. காப்பி விலை விழுந்த பிறகு ரப்பர் வந்தது. போர்ட்டிக்சன், ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று எங்கு பார்த்தாலும் பால்மரம்.

ஆட்களுக்குக் கட்டிய லயங்கள் பட்டாளத்துக் கொட்டடி மாதிரி நீளமாக இருந்தன. சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு பக்கமும் அறைகள். கீழே கால், மேலே அத்தாப்பு. பிறகு தகரம். காலுக்கு அடியில் விறகு, ஆடு, தொட்டில். அத்தாப்பு காற்றில் கிழியுமே தவிர ஒரேயடியாகப் பறக்காது, காற்று அதன் வழியே கசிந்துவிடும். தகரத்துக்கு அந்தத் தயவு கிடையாது. பிடித்தால் முழுசாகப் பிடிக்கும், விட்டால் முழுசாக விடும்.

தோட்டத்து லயங்கள் ஓரளவு நெருங்கி நிற்க ஒரு பெரும் காரணம் அவசரகாலம். 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்ததும் சீனக் குடியேறிகளைப் புதுக் கிராமங்களில் அடைத்தது போலவே, தோட்டத்தில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஓரிடத்தில் திரட்டி முள்வேலி போட்டார்கள். வேலிக்குக் காவல் வைக்க வேண்டுமானால் வேலி குட்டையாக இருக்க வேண்டும். வேலி குட்டையாக இருந்தால் வீடுகள் நெருங்க வேண்டும். யாரும் காற்றை நினைத்து அதைச் செய்யவில்லை. ஆட்களைக் கண்காணிக்கச் செய்தார்கள். அந்த நெருக்கத்தில் நோயும் சண்டையும் வந்தன, காற்றுக்கு மறைவும் வந்தது. கொடுமையில் கிடைத்த ஒரு சின்ன லாபம் என்று வேண்டுமானால் சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனமில்லை.

இன்னொரு மறைவு மரம். ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது வருடம் நின்று பால் கொடுக்கும், பிறகு மறுநடவு. அதுவரை லயத்தைச் சுற்றி ஐம்பது அறுபது அடிச் சுவர் மாதிரி நிற்கும். ரப்பருக்கும் காற்றென்றால் பயம்தான். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கொடுத்த ஆர்.ஆர்.ஐ.எம். 501 என்ற ரகம் பால் நன்றாகக் கொடுத்தது, காற்றில் நடுமரமாக ஒடியவும் செய்தது. பழைய வெட்டு ஆட்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: ஒரு மரம் ஒடிந்து காட்டில் ஓட்டை விழுந்தால், அடுத்த காற்றில் அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள மரங்கள்தான் ஒடியும். பக்கத்து மரத்தின் துணையில் வளர்ந்த மரம் திடீரென்று வெளியில் நின்றால் தாங்காது. லயத்துக்கும் அதே கதைதான். காட்டில் தெரிந்ததை நாம் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். அந்தத் துண்டாடலில் வேலை போனவர்கள், வீடு போனவர்கள் ஏராளம். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கே அதுதான் காரணம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1998இல் பக்கத்துச் சிப்பாங்கில் பெரிய விமான நிலையம் திறந்தார்கள். நீலாய், லாபு, செண்டாயான் பக்கத்துத் தோட்ட நிலமெல்லாம் தாமான்களாக மாறத் தொடங்கியது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரே காட்சி: சில வரிசைகள் இடிபடும், சில நிற்கும், நிற்பதில் சில குடும்பம் வீடு கிடைக்கக் காத்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு என்றதும் சேனலை மாற்றிவிடாதீர்கள். இரண்டே நிமிடம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். நம் நாட்டுக்கென்று காற்றுப் பார விதிநூல் 2002இல் வெளியானது. எம்.எஸ். 1553 என்று பெயர். தீபகற்ப மலேசியாவை இரண்டு வட்டாரமாகப் பிரித்து, அடிப்படை வேகம் விநாடிக்கு 33.5 மீட்டர், 32.5 மீட்டர் என்று வைத்தது. 33.5 மீட்டர் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் சொச்சம். அந்த வேகம் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். ஒரு சதுர மீட்டர் கூரைத் தகரத்தின் எடை நான்கைந்து கிலோதான். மீதியை ஆணிதான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் புயல் ஏது, இவ்வளவு வேகம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமெய் என்ற சூறாவளி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் சூறாவளி வராது என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். அது பாடப் புத்தகம் படிக்கவில்லை.

நம் விதிநூல் ஆஸ்திரேலிய விதிநூலை ஒட்டி எழுதப்பட்டது. அந்த முறையில் ‘மறைவுக் காரணி’ என்று ஒன்று உண்டு. முன்னால் உள்ள கட்டடங்களின் எண்ணிக்கை, உயரம், அகலம் இவற்றைப் பார்த்து, வேகத்தை அதிகம் போனால் 0.7 மடங்கு வரை குறைத்துக்கொள்ளலாம். நான் எங்கள் லயத்தை அதில் போட்டுப் பார்த்தேன். உயரம் 4 மீட்டர், நீளம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் மூன்று வரிசை இருந்தால் காரணி 0.78. அழுத்தம் 100க்கு 60. இரண்டு வரிசையை இடித்து ஒன்று மட்டும் மிஞ்சினால் அழுத்தம் 74. எல்லாம் போய் நாம் மட்டும் நின்றால் 100. அறுபதிலிருந்து நூறு என்றால் முன்பு இருந்ததற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். அதே வீடு, அதே ஆணி, அதே காற்று.

ஹோம்ஸ் சொன்னதை மறக்க வேண்டாம்: கூரை முழுவதும் ஒரே அளவில் இது பொருந்தாது. என் கணக்கு ஒரு தோராயம். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. மரத்தின் மறைவை அந்த ஆஸ்திரேலிய விதிநூல் கணக்கிலேயே சேர்க்க விடுவதில்லை. மரம் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு வெட்டிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டடத்தைச் சேர்க்க விடுகிறார்கள், அது நிற்கும் என்ற நம்பிக்கையில். நகரத்தில் அது சரி. தோட்டத்து லயத்துக்கு அந்த நம்பிக்கை எத்தனை வருடத்துக்கு?

தோட்ட வீடுகளுக்கென்று நாம் சட்டம் இல்லாமல் இருக்கவில்லை. தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டம் 1966இல் வந்தது. 1990இல் அதை விரிவாக்கிப் புதுச் சட்டம் இயற்றினார்கள். தண்ணீர், கழிவறை, அறை எல்லாம் பேசப்பட்டன. பேச வேண்டியவைதான், வாங்கித் தர நம் தொழிற்சங்கத் தலைவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் லயங்களை எந்த வரிசையில் இடிக்க வேண்டும் என்று நம் கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இரட்டைக் கோபுரத்தைக் கட்டும்போது ஒரு கோபுரத்தின் பக்கத்தில் இன்னொன்று நிற்பதையும் சேர்த்தே பொறியாளர்கள் யோசித்தார்கள். இரண்டும் தனித்தனியாக அசையும் என்பதால்தான் நடுவில் உள்ள வான்பாலத்தை நகர்ந்து கொடுக்கும்படி வைத்தார்கள். சென்னைத் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது, நம்மவர்களே அதில் சோதனை செய்கிறார்கள். 452 மீட்டர் கோபுரத்துக்குக் கிடைத்த யோசனை 4 மீட்டர் லயத்துக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான், அதிசயம் இல்லை. லயத்துக்குப் பொறியாளர் ஏது?

நேயர் கேள்வி

உரைக்குப் பின் அரங்கில் இருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: ‘ஐயா, எங்க தோட்டத்திலும் ரெண்டு லயத்தை இடிச்சுட்டாங்க. நாங்க ஆறு குடும்பம் கடைசி லயத்துல இருக்கோம். வீடு கிடைக்க இன்னும் ஒன்றரை வருசம் ஆகும்னு சொல்றாங்க. நாங்க என்ன செய்யணும்?’

அம்மா, கூரையின் நான்கு ஓரம், முகடு, முனை வீடு, இந்த இடங்களை முதலில் பாருங்கள். ஆணி தளர்ந்திருந்தால் அதே ஓட்டையில் மறுபடி அடிக்க வேண்டாம், பிடிக்காது. தள்ளி, வாஷர் போட்ட திருகாணியாக முடுக்கச் சொல்லுங்கள். தகரம் சட்டத்தைப் பிடித்தால் போதாது, சட்டம் சுவரைப் பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல லயங்களில் சட்டம் சும்மா உட்கார்ந்திருக்கும், கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். காற்று வரும்போது மேற்குப் பக்கத்துச் சன்னலையும் கதவையும் சாத்திவிடுங்கள். உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும். காலியான வீட்டின் கதவு உடைந்து கிடந்தாலும் அதையும் பலகை வைத்து அடையுங்கள், அது உங்கள் கூரையோடு சேர்ந்த கூரை.

டயரும் கல்லும் ஏற்றலாமா என்று அவரே மறுபடி கேட்டார். ஏற்றலாம், ஆனால் கல் வேண்டாம், காற்றில் கல்லும் விழும். டயர்கூட ஆணிக்குப் பதில் ஆகாது.

இன்னொன்று, இதை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், ஆறு குடும்பமும் கையெழுத்துப் போட்டு. இன்னும் இடிக்க வேண்டிய லயம் இருந்தால் கிழக்குப் பக்கத்திலிருந்து இடிக்கட்டும். மேற்குப் பக்க வரிசை காலியாக இருந்தாலும், ஆள் இருக்கும் வரிசைக்கு முன்னால் நிற்கிற வரை அதைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். நிர்வாகத்துக்கு இதில் ஒரு காசு செலவில்லை. லாரி எந்தப் பக்கம் முதலில் வருகிறது என்பதுதான் வித்தியாசம்.